நித்தியகல்யாணி: தொட்டியில் வளரட்டும், கஷாயமாக வேண்டாம்

கீமோதெரபி பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும் வழியில், வெயில் நன்றாக விழும் மதிற்சுவரை ஒட்டி 12 தொட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் இளஞ்சிவப்பும் வெண்மையுமாக ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருப்பது நித்தியகல்யாணி. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை வேளையில், பேரனைச் சிகிச்சைக்கு அழைத்து வந்த மூதாட்டி ஒருவர் அத்தொட்டிகளின் முன் நின்றுவிட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த எங்கள் தோட்டப் பணியாளரிடம், "ஏன் தம்பி, இது சுடுகாட்டு மல்லியாச்சே! நோயாளிப் பிள்ளைங்க வந்து போற வழியில இதைப் போய் வச்சிருக்கீங்களே?" என்று வருத்தத்துடன் கேட்டார்.

அப்போது அவ்வழியே வந்த செவிலியர் அவருக்கு விடை கூறினார்: "பாட்டி, உங்க பேரனுக்கு இன்னைக்கு ஏத்தப்போற மருந்தே இந்தச் செடியிலிருந்துதான் வருது." மூதாட்டியின் முகம் தெளிந்தது. சிறிது நேரம் பூக்களைப் பார்த்துவிட்டு உள்ளே சென்றார்.

அடுத்த வாரம் அவர் வந்தபோது கைப்பையில் ஒரு பாட்டில் இருந்தது. நித்தியகல்யாணியின் இலையையும் பூவையும் கொதிக்கவைத்து வடிகட்டிய கஷாயம் அது. "ஊசி மருந்து ஒரு பக்கம் ஏறட்டும், இதுவும் ஒரு வேளை உள்ள போனா பிள்ளை சீக்கிரம் தேறிடுவான் இல்லையாம்மா? உங்களைக் கேட்டுட்டுக் குடுப்போம்னு கொண்டாந்தேன்" என்றார்.

கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று அவர் எண்ணியது அந்தச் சிறுவனின் நல்வினை. முதல் வாரம் நாங்கள் அவரிடம் கூறியது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் அன்றே கூறியிருந்தால் அந்தப் பாட்டில் எங்கள் பிரிவுக்கு வந்திராது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இச்செடி எத்தகையது, அதிலிருந்து மருந்து எவ்வாறு பிறக்கிறது, அதன் இலையை ஏன் உட்கொள்ளலாகாது, வீட்டில் அதனை எவ்வாறு வளர்க்கலாம் என்பவற்றை இங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

செடியும் அதன் பெயர்களும்

நித்தியகல்யாணியின் தாயகம் ஆப்பிரிக்காவின் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் அழகுச்செடியாகப் பரவி, சென்ற இடமெல்லாம் தானே முளைத்து நிலைகொண்டுவிட்டது. தமிழில் இதற்குப் பட்டிப்பூ, சுடுகாட்டுப் பூ, சுடுகாட்டு மல்லி என்றும் பெயர்கள் உண்டு. கவனிப்பாரற்ற இடங்களிலும், மணற்பாங்கான காய்ந்த நிலத்திலும், கல்லறைகளின் ஓரத்திலும் இது தழைத்து நிற்பதைக் கண்டே மக்கள் அவ்வாறு அழைத்தனர். இலை கசப்பானது, ஆதலால் ஆடுமாடுகள் பெரும்பாலும் இதனை மேய்வதில்லை. யாரும் நீர் ஊற்றாத இடத்தில் இச்செடி மட்டும் எஞ்சி நிற்பதற்கு அக்கசப்பும் ஒரு காரணம்.

எக்காலமும் பசுமை மாறாமலும் பூ ஓயாமலும் இருப்பதால் நித்தியகல்யாணி என்னும் பெயர் பொருத்தமாக அமைந்தது. இது ஒரு குறுஞ்செடி. பெரும்பாலும் ஒன்றரை அடி முதல் மூன்று அடி வரை வளரும்; அடித்தண்டு நாளடைவில் கட்டைத்தன்மை பெறும். இலைகள் எதிரெதிராக, பளபளப்பான கரும்பச்சை நிறத்தில், நடுவே வெளிறிய நரம்புடன் காணப்படும். பூவுக்கு ஐந்து இதழ்கள். இளஞ்சிவப்பு, தூய வெண்மை, நடுவில் சிவப்புக் கண் கொண்ட வெண்மை ஆகிய நிறங்கள் நம் ஊர்களில் மிகுதி. அரளி இடம்பெற்றுள்ள அப்போசைனேசியே என்னும் தாவரக் குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. தாவரவியலில் இதன் பெயர் கத்தரான்தஸ் ரோசியஸ். முன்னர் வின்கா ரோசியா என்று வழங்கியதால், இதிலிருந்து பெறப்பட்ட மருந்துகளின் பெயர்கள் இன்றும் 'வின்' என்றே தொடங்குகின்றன.

ஓர் உறையில் 25 இலைகள்

இச்செடியிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று.

கரீபியன் தீவாகிய ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்காக அருந்தும் வழக்கம் இருந்தது. 1952ஆம் ஆண்டில், கனடாவைச் சேர்ந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அவருடைய நோயாளி ஒருவர் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையை அனுப்பினார். அதில் இச்செடியின் 25 இலைகள் இருந்தன. கிளார்க் நோபிள் அவற்றைத் தம் சகோதரரும் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளருமாகிய ராபர்ட் நோபிளிடம் அளித்தார்.

ஆய்வுக்கூடத்தில் இலைச்சாற்றை விலங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. பின்னர் அச்சாற்றை எலிகளுக்கு ஊசிவழியாகச் செலுத்தியபோது அவை நோய்த்தொற்றால் மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருந்ததும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்ததும் தெரியவந்தன. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? ராபர்ட் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பியரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வொபோடாவின் குழுவும் இச்செடியை ஆராய்ந்துவந்தது. அக்குழுவின் உழைப்பால் வின்கிரிஸ்டின் கிடைத்தது. 1963இல் அது அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இன்று குழந்தைகளுக்கு வரும் கடுமையான லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்கள், சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டி முதலியவற்றின் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் பிற மருந்துகளுடன் சேர்த்துத் தரப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இவ்விரு மருந்துகளும் இடம்பெற்றுள்ளன. இவை தனித்து நின்று நோயைத் தீர்ப்பவை அல்ல. பல மருந்துகள் சேர்ந்து செய்யும் பணியில் தமக்குரிய பங்கை ஆற்றுபவை.

ஒரு ஹெக்டேர் விளைச்சலில் ஒரு கிராம்

நித்தியகல்யாணியில் அல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் 100க்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் வின்கிரிஸ்டின் மிக மிகக் குறைந்த அளவிலேயே காணப்படுகிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கோ ஏறத்தாழ 2,000 கிலோ, அதாவது இரண்டு டன் உலர்ந்த இலை தேவை.

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், குறிப்பாகத் திருநெல்வேலி, இராமநாதபுரம் வட்டாரங்களில், நித்தியகல்யாணி மானாவாரிப் பயிராகப் பல்லாண்டுகளாகச் சாகுபடி செய்யப்படுகிறது. நேரடியாக விதைப்பதாயின் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ விதை போதும். ஆறாம் மாதத்தில் முதல் முறையும், ஒன்பதாம் மாதத்தில் இரண்டாம் முறையும் இலை பறிப்பர். ஓராண்டு முடிந்ததும் எஞ்சிய இலையையும் தண்டையும் எடுத்துக்கொண்டு, நிலத்தை உழுது வேரையும் சேகரிப்பர். வேரில் உள்ள அஜ்மாலிசின் என்னும் பொருள் இரத்த ஓட்டம் தொடர்பான மருந்துகளுக்குப் பயன்படுகிறது. மழையை மட்டுமே நம்பிய நிலத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ இரண்டு டன் உலர் இலை கிடைக்கும். ஆகவே ஒரு ஹெக்டேரின் ஓராண்டு விளைச்சல் முழுவதையும் பிழிந்தால் ஒரு கிராம் அளவுக்கே வின்கிரிஸ்டின் தேறும்.

2022ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஈஸ்ட் நுண்ணுயிரின் மரபணுக்களை மாற்றியமைத்து, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு முன்பொருள்களை அதனுள்ளேயே உருவாக்கிக் காட்டினர். எதிர்காலத்தில் இம்முறை செடியின் சுமையைக் குறைக்கக்கூடும்.

இலையை ஏன் உட்கொள்ளலாகாது?

மேற்கூறிய கணக்கையே சற்று நீட்டிப் பார்ப்போம். வின்கிரிஸ்டினை ஒரு முறைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. குழந்தைகளுக்கு உடலளவுக்கேற்ப அது இன்னும் குறையும். அந்த 2 மில்லிகிராமைப் பெறவே ஏறத்தாழ நான்கு கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்த நீரில் நோயைத் தீர்க்கும் அளவுக்கு அம்மருந்து இருக்க வழியில்லை. இருந்தாலும், வாய்வழியாகச் சென்றால் அது உடலில் சீராகச் சேர்வதில்லை. அதனால்தான் அதனைச் சிரை வழியாக மட்டுமே செலுத்துகிறோம்.

அப்படியாயின் கஷாயத்தால் கேடும் இல்லையே என்று எண்ணலாம். கேடு உண்டு. வின்கிரிஸ்டின் குறைவாக இருந்தாலும், இலையிலும் வேரிலும் ஏனைய அல்கலாய்டுகள் மிகுதியாக உள்ளன. அவை வாந்தி, வயிற்றுக்கோளாறு, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் இவற்றின் அளவு மாறுவதால், நேற்றுக் குடித்ததும் இன்று குடிப்பதும் ஒன்றாக இரா. கீமோதெரபியால் ஏற்கெனவே வெள்ளணுக்கள் குறைந்து, கல்லீரலும் களைத்திருக்கும் உடல் இந்தச் சுமையைத் தாங்காது. மேலும், கஷாயம் குடித்தவருக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால், அது மருந்தால் வந்ததா, தொற்றால் வந்ததா, கஷாயத்தால் வந்ததா என்று பிரித்தறிவது எங்களுக்குக் கடினமாகிவிடும். அத்தகைய வேளையில் காலதாமதமே பெருங்கேடு.

மருந்தாக வரும்போதும் இப்பொருளின் வலிமையை நாம் மதிக்க வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய இழைகள் உருவாகி, மரபுப்பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. வின்கிரிஸ்டின் அவ்விழைகள் உருவாவதைத் தடுக்கிறது. பிரிய இயலாத புற்றுச்செல் மடிகிறது. நரம்புகளும் தம் பணிக்கு அத்தகைய இழைகளையே நம்பியுள்ளன. ஆதலால்தான் இம்மருந்து பெறுவோருக்கு விரல்நுனி மரத்துப்போதல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல், நடக்கும்போது பாதம் தட்டுதல், தாடைவலி, மலச்சிக்கல் முதலியன தோன்றலாம். இவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த முறை வரும்வரை காத்திராமல் எங்களுக்குத் தெரிவியுங்கள். மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ கண்டால் அந்த நொடியே செவிலியரை அழையுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள் வின்கிரிஸ்டினின் பக்கவிளைவுகளைக் கடுமையாக்கும். எனவே பிற மருத்துவர் தரும் மருந்துகளையும், வீட்டில் அருந்தும் கஷாயம், லேகியம், பொடி ஆகியவற்றையும் மறைக்காமல் கூறுங்கள். எவரையும் நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

வீட்டில் வளர்க்கும் முறை

உட்கொள்ளத்தான் கூடாது, வளர்ப்பதற்கு இதனினும் எளிய செடி அரிது.

விதை: முற்றிய காய்கள் இரட்டையாக, மெலிந்த அவரைபோல் நிற்கும். அவை வெடிப்பதற்கு முன், பச்சை நிறம் மாறி மஞ்சளாகும் தறுவாயில் பறித்து உலர்த்தினால் சிறிய கருநிற விதைகள் கிடைக்கும். நெடுநாள் வைத்திருந்தால் முளைப்புத்திறன் குறையும். புதிய விதையே நன்று. மணல் கலந்த மண்ணில் தூவி, மெல்லிய மண்படலத்தால் மூடுங்கள். ஒளி படாமல் இருந்தால் விதை நன்றாக முளைக்கும். ஏறத்தாழ 10 நாள்களில் முளை தெரியும். இரண்டு மாத நாற்றைப் பிடுங்கி நடலாம். நுனித்தண்டை வெட்டி நட்டும் செடி உண்டாக்கலாம்.

மண்ணும் இடமும்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். 8 முதல் 10 அங்குலத் தொட்டி ஒரு செடிக்கு ஏற்றது. தொட்டியின் அடியில் நீர் வடியும் துளை அவசியம். நேரடி வெயில் நாள்தோறும் சில மணி நேரமாவது படும் இடத்தில் வையுங்கள். நிழலில் இலை தழைக்கும், பூ குறையும். தரையில் நடுவதாயின் செடிக்குச் செடி ஓரடி இடைவெளி விடுங்கள்.

நீர்: நித்தியகல்யாணி மடிவது பெரும்பாலும் நீர் மிகுதியால்தான். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் நுனி கருகி, தண்டு மேலிருந்து கீழாகக் காய்ந்து வருமாயின் அது நுனிக்கருகல் நோய். கருகிய பகுதியை நறுக்கி நீக்கி, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் வெளியிட்ட 'நிர்மல்' என்னும் வெண்பூ வகை இந்நோயைத் தாங்கி வளரக்கூடியது.

பராமரிப்பு: செடி ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகிப் பூக்களும் பெருகும். உரம் மிகையானால் இலையே பெருகும். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. இலைகள் திடீரெனச் சிறுத்து, கொத்தாக, வெளிறித் தோன்றினால் அது தத்துப்பூச்சியால் பரவும் சிற்றிலை நோய். அச்செடியை வேரோடு பிடுங்கி அகற்றிவிடுங்கள். ஏனைய செடிகள் தப்பும்.

சிகிச்சையில் இருப்போர் இல்லத்தில்

கீமோதெரபி பெறுபவர் மண்ணைக் கிளறுதல், தொட்டி மாற்றுதல், உரம் கலத்தல் ஆகியவற்றைச் செய்ய வேண்டாம். மண்ணிலும் மக்கிய உரத்திலும் உள்ள பூஞ்சைகள் வெள்ளணு குறைந்தவரின் நுரையீரலைத் தாக்கக்கூடும். இப்பணிகளைக் குடும்பத்தினர் செய்யட்டும். நோயாளியின் படுக்கையறையில் செடித்தொட்டியோ நீரில் வைத்த பூங்கொத்தோ வேண்டாம். சன்னலுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தால் போதும். எங்கள் தொட்டிகளும் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருப்பதற்கு இதுவே காரணம்.

செடியைக் கிள்ளும்போது கையுறை அணியுங்கள்; இல்லையேல் முடித்தவுடன் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். சிறு குழந்தைகள் இலையையோ பூவையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறுதலாக யாரேனும் உட்கொண்டுவிட்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாமல், செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் டெங்குக் கொசு பெருகும். அதனை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

அந்த மூதாட்டியிடம் அன்று இவற்றையெல்லாம் அமர்ந்து விளக்கினோம். இரண்டு டன் இலைக்கு ஒரு கிராம் மருந்து என்று கேட்டதும், "அம்புட்டு இலைக்கு இம்புட்டா?" என்று வியந்து, கஷாயத்தைத் தாமே எடுத்துச்சென்று கொட்டினார். புறப்படும் முன் எங்கள் தோட்டப் பணியாளரிடம் ஒரு பிடி விதை கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் வீட்டு முற்றத்தில் இப்போது மூன்று செடிகள் பூத்திருப்பதாகச் சென்ற முறை வந்தபோது கூறினார். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது பாட்டி. திண்ணையில் அமர்ந்து அன்றாடம் பூக்களை எண்ணிச் சொல்வது பேரன்.

உங்களுக்கும் விதை வேண்டுமாயின் தோட்டப் பணியாளரிடம் கேளுங்கள். ஐயம் ஏதேனும் இருப்பின் செவிலியரிடம் கேளுங்கள்.